வால்பாறை மலைச்சாலையும் வெட்டிய ஸ்பிரிங்கும்: ஒரு சிறு காரின் அண்டர்ஸ்டியர் குறைந்த விதம்

வண்டியும் பாதையும்

பொள்ளாச்சியில் குடியிருந்து வால்பாறை எஸ்டேட் ஒன்றில் வேலை பார்ப்பவரின் வண்டி இது. 2013 மாடல் மாருதி ஸ்விஃப்ட் டீசல், விடிஐ வகை. வாரத்தில் மூன்று நாள் மேலே போய்வருவார். போகவர 130 கி.மீ. அளவு, ஆழியாறு தாண்டியதும் ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது அதே 40. 2023 ஜூனில் எங்கள் பட்டறைக்கு ஆய்வுக்கு வந்தபோது ஓடோமீட்டர் 1,08,000 காட்டியது.

இந்தக் காரின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரத்தையும் இணைத்து முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்). இஞ்சின், கியர்பாக்ஸ், ஓட்டும் சக்கரம் எல்லாம் முன்னால்தான். பெட்ரோல் வகையைவிட டீசல் வகை ஏறக்குறைய 100 கிலோ கூடுதல் எடை. அந்த நூறில் பெரும்பகுதி முன் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் 190 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), 2,000 சுற்று வாக்கில் திமுதிமுவென்று வந்து இறங்கும். கம்பெனி கொடுத்த டயரோ 165/80 ஆர்14. திருப்புவது, இழுப்பது, பிரேக் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது என மூன்றையும் அந்த ஒல்லியான முன் டயர் இரண்டும்தான் செய்தாக வேண்டும். ஸ்டியரிங்கை ஒடித்த அளவுக்கு வண்டி திரும்பாமல் மூக்கு வெளிப்பக்கம் ஓடுவதுதான் அண்டர்ஸ்டியர். முன்சக்கர இழுவை உள்ள எந்தச் சிறு காரிலும் இது கொஞ்சம் இருக்கும். பழகாத ஓட்டுநருக்குப் பாதுகாப்பு என்று கருதி வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. அளவு மீறும்போதுதான் வம்பு.

முதல் மாற்றம்

உரிமையாளருக்கு முதலிலிருந்தே இருந்த குறை, வளைவில் வண்டி சாய்கிறது என்பது. அதற்கு வேறொரு பட்டறையில் கிடைத்த பதில்: "முன்னாடி ஒரு சுத்து எடுத்துட்டா ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுமுங்க." முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று, பின் ஸ்பிரிங்கில் அரைச் சுற்று கட்டிங் வீலில் வெட்டப்பட்டது. கூலி 2,500 ரூபாய். ஷாக் அப்சார்பர் பழையதே. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கவில்லை.

ஊருக்குள் ஓட்டியவரை அவருக்குத் திருப்தி. சாய்வு குறைந்தது, வண்டி இறுக்கமாகத் தெரிந்தது. இரண்டாவது வாரம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் ஒரு வலது வளைவில் பாதி திரும்பியபோது ஸ்டியரிங் கனமிழந்தது. இன்னும் ஒடித்தார், மூக்கு நேராகவே போய், தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் டயர் பிடித்தது. பிறகு அதே வளைவிலும் இடது வளைவு இரண்டிலும் மெதுவாகப் போனபோதே அது திரும்ப நடந்தது. இடது வளைவு என்றால் மூக்கு ஓடும் திசை எதிர்த் தடம். அங்கே ஏறிவரும் பேருந்து இருக்கலாம், சாலையைக் கடக்கும் வரையாடும் இருக்கலாம்.

"சஸ்பென்ஷன் போதலை, காயில்ஓவர் போட்டுடலாமுங்களா?" என்ற கேள்வியோடுதான் வண்டி வந்தது. காயில்ஓவர் என்பது உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஸ்பிரிங்-ஷாக் செட்.

தூக்கிப் பார்த்தபோது

முதலில் உயரம். ஃபெண்டர் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை இஞ்ச் டேப்பால் அளந்ததில் முன் இடது 338 மி.மீ., வலது 341. பின்னால் 360. ஒப்பிட எந்தப் பட்டியலையும் தேடவில்லை. கை வைக்காத அதே மாடல் வண்டி ஒன்றை அளந்தால் போதும். அதில் முன் 376, பின் 382. ஆக முன்பக்கம் 35 முதல் 38 மி.மீ. வரை இறங்கியிருந்தது.

அந்த எண்ணைவிட முக்கியமானது, சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சாய்வு. கை வைக்காத வண்டியில் ஆர்மின் வெளிமுனையில் உள்ள பால் ஜாயின்ட், உள்முனை புஷ்ஷைவிட (ரப்பர் இணைப்பு) 28 மி.மீ. கீழே இருந்தது. இந்த வண்டியில் 8 மி.மீ. மேலே. வெளிமுனை கீழே இருக்கும்வரை, வண்டி சாயும்போது ஆர்ம் சக்கரத்தின் அடிப்பக்கத்தை வெளியே தள்ளும். டயர் தரையில் ஓரளவு நேராக நிற்கும். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிப் போய்விட்டால் அதே ஆர்ம் அடிப்பக்கத்தை உள்ளே இழுக்கும். டயர் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும். கூடவே இன்னொரு கேடு: வண்டி 36 மி.மீ. இறங்கும்போது முன் ரோல் சென்டர் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதைவிட அதிகமாக இறங்கிவிடும். வண்டியின் எடை மையத்துக்கும் அதற்கும் இடைவெளி கூடும். சாய்க்கும் நெம்பு நீளும். கீழே இறக்கினால் சாயாது என்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில் ஓர் எல்லைவரைதான் உண்மை.

அடுத்தது ஸ்ட்ரட்டின் பயணம். தூசி உறையை மேலே தள்ளி, பிஸ்டன் ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக் உடலை ஒட்டி வைத்து ஒரு சுற்று ஓட்டிவந்தால், ராடு எவ்வளவு உள்ளே போனது என்று டை காட்டிக்கொடுக்கும். இரண்டு ரூபாய்ச் சோதனை. சாதாரண வேகத்தில் ஒரே ஒரு வளைவு எடுத்ததற்கே வெளிப்பக்க டை, ஸ்ட்ரட்டின் பயணம் முடியும் இடத்தில் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை தள்ளப்பட்டு அதில் அழுந்திய தடத்தோடு நின்றது.

புகாரின் மையம் இதுதான். ஸ்பிரிங் அமுங்கிக்கொண்டே போய்ப் பம்ப் ஸ்டாப்பில் இடித்ததும், அந்த மூலையின் விறைப்பு ஒரே நொடியில் பல மடங்கு ஏறுகிறது. முன் அச்சில் உள்பக்க டயரின் சுமையில் பெரும்பகுதி வெளிப்பக்க டயருக்குத் தாவுகிறது. டயரின் பிடி சுமைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. இரட்டிப்புச் சுமைக்கு இரட்டிப்புப் பிடி கிடைக்காது. அதனால் முன் அச்சின் மொத்தப் பிடி திடீரென்று விழுகிறது. உரிமையாளர் சொன்ன "பாதி வளைவில் கனமிழந்த ஸ்டியரிங்" அதுதான்.

ஸ்பிரிங்கையும் கழற்றி அளந்தோம். கம்பி விட்டம் 12 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 130 மி.மீ., வேலை செய்யும் சுற்று முன்பு 4.5, இப்போது 3.5. ஸ்பிரிங் எஃகின் முறுக்கு மதிப்பு (சதுர மி.மீ.க்கு நியூட்டனில்) 78,500 என்று வைத்து, அதைக் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கி, சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கையும் சுற்று எண்ணிக்கையையும் எட்டையும் பெருக்கிய தொகையால் வகுத்தால், பழைய விறைப்பு மி.மீ.க்கு 20.6 நியூட்டன், வெட்டிய பின் 26.5. விறைப்பு 29 சதவீதம் கூடியிருக்கிறது, ஆனால் மேலே போக மிச்சமிருந்த பயணம் பாதியாகிவிட்டது. பழைய ஷாக்குக்கு இந்த விறைப்பை அடக்கும் ரீபவுண்ட் பலமும் (அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி விரிவதைத் தடுக்கும் பலம்) இல்லை. வெட்டிய முனை தட்டையாக்கப்படாததால் கீழ் இருக்கையில் சரியாக உட்காரவில்லை; ஜாக்கியில் தூக்கி சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் கையால் சுற்றும் அளவுக்கு லூஸ். பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கி எழும்போது அது இருக்கையை விட்டு நகர்ந்துவிடும் அபாயம் இருந்தது.

இவை வெட்டியதால் வந்தவை. வெட்டுவதற்கு முன்பிருந்தே கிடந்த பழுதுகளும் சில இருந்தன. வலது லோயர் ஆர்மின் பின் புஷ் கிழிந்து, கடப்பாரை கொடுத்தால் 5 மி.மீ. ஆடியது. பிரேக்கோடு திருப்பும்போது அந்தச் சக்கரம் தானே கோணம் மாறும். இடது ஷாக்கில் எண்ணெய்க் கசிவு. வலது ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் துருப்பிடித்து, ஸ்டியரிங் திரும்பி வருவதில் தடங்கல். எலக்ட்ரிக் ஸ்டியரிங் என்பதால் கையில் அது மந்தமாக மட்டுமே தெரிந்திருக்கிறது. சாய்வைத் தடுக்கும் முன் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டிலும் ஆட்டம். முன் டயரின் பட்டன் (தரையைத் தொடும் வரிகளின் ஆழம்) நடுவில் 3.6 மி.மீ., வெளி ஓரத்தில் 1.8. சட்டப்படி 1.6-க்குக் கீழே போகக் கூடாது. அலைன்மென்ட் மெஷினில் மொத்த டோ-இன் (இரு சக்கரத்தின் முன்முனையும் உள்நோக்கி இருப்பது; வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட்) 5 மி.மீ.; கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே) இடது மைனஸ் 0°40′, வலது மைனஸ் 0°15′. நின்ற இடத்தில் கேம்பர் எண் மோசமில்லை. சாயும்போது அது என்ன ஆகிறது என்பதை மெஷின் காட்டாது, வெளி ஓரம் தேய்ந்த டயர்தான் காட்டும்.

கொப்பரைக் களத்தில் ஓர் அளவுகோல்

"இப்ப நல்லா இருக்குங்க" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புது டயர் போட்ட எவருக்கும் அன்று சாயங்காலம் வண்டி நன்றாகத்தான் தெரியும். அதனால் கொப்பரை காயவைக்கும் ஒரு பெரிய சிமெண்ட் களம், கொப்பரை காயப்போடாத நாளில், சோதனைக்குக் கேட்டு வாங்கப்பட்டது. நாரும் தூசும் முதலில் கூட்டியாக வேண்டும். ஒரு கைப்பிடி நார் போதும், டயர் வழுக்கி எண்ணைக் கெடுத்துவிடும். நடுவில் ஆணி அடித்துக் கயிறு கட்டி 14 மீட்டர், 16 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்புத் தூளால் இரு வட்டம். வண்டி இரண்டுக்கும் நடுவில், அதாவது 15 மீட்டர் ஆரத்தில் சுற்ற வேண்டும்.

இரண்டு அளவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, கோட்டை விட்டு விலகாமல் சுற்ற முடிகிற மிகக் குறைந்த நேரம். மற்றது, ஸ்டியரிங்கில் பேப்பர் டேப் ஒட்டி 10 டிகிரிக்கு ஒரு கோடு போட்டு, நடை வேகத்தில் எவ்வளவு ஒடிக்க வேண்டியிருக்கிறது, 33 கி.மீ. வேகத்தில் எவ்வளவு என்ற கணக்கு. அண்டர்ஸ்டியரைச் சொல்வது இந்த இரண்டாவது எண்தான்: வேகத்தில் எவ்வளவு கூடுதலாக ஒடிக்க வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு அண்டர்ஸ்டியர். சுற்று நேரம் மொத்தப் பிடியை மட்டும் சொல்லும். இருபக்கமும் சுற்றிச் சராசரி எடுக்க வேண்டும், ஏனென்றால் வலப்பக்கம் ஓட்டுநர் எடை இருக்கிறது.

வெட்டிய ஸ்பிரிங்கோடு: நடை வேகத்தில் 150 டிகிரி, 33 கி.மீ. வேகத்தில் 235. சுற்று நேரம் 9.9 விநாடி, அதாவது 0.62 ஜி பக்கவாட்டு விசை (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு). ஓட்டி நிறுத்தியதும் ஊசி வெப்பமானியை வெளிப்பக்க முன் டயரில் குத்திப் பார்த்தால் வெளி ஓரம் 61 டிகிரி செல்சியஸ், நடு 52, உள் ஓரம் 45. டயரின் பக்கச் சுவரில் குறுக்கே இழுத்திருந்த சாக்குக்கட்டிக் கோடு, பட்டனின் விளிம்பிலிருந்து 20 மி.மீ. கீழ்வரை அழிந்திருந்தது. டயர் உருண்டு பக்கச் சுவரில் நின்றிருக்கிறது.

காயில்ஓவர் ஏன் மறுக்கப்பட்டது

காயில்ஓவர் நல்ல பொருள்தான். இந்த வண்டிக்கு அல்ல. ஆர்ம் சாய்வை மீட்க உயரத்தைக் கூட்டியாக வேண்டும். கூட்டி வைப்பதற்காகக் காயில்ஓவர் வாங்குவதில் அர்த்தமில்லை. மலைச்சாலை மழைக்குப் பிறகு குழியாகிவிடும். பயணம் குறுகிய ஷாக் அங்கே டயரைத் தரையில் வைத்திருக்காது. இன்னொன்று, தேய்ந்த புஷ், வளைந்த அலைன்மென்ட் இவற்றின் மேல் எதைப் போட்டாலும் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. எனவே முதலில் வண்டியைக் கம்பெனி நிலைக்குக் கொண்டுவருவது, அதன்பின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் களத்தில் அளவு என்று முடிவானது. உரிமையாளர் முதலில் முகம் சுளித்தார். காசு கொடுத்து வெட்டியதைக் காசு கொடுத்துத் திரும்ப உயர்த்துவது யாருக்கும் கசக்கும்.

முதல் கட்டம்: பழைய நிலைக்கு

நான்கு புதிய கம்பெனி ஸ்பிரிங், முன் ஸ்ட்ரட் இரண்டு, பின் ஷாக் இரண்டு, ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை, லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் இரண்டு. கூலியோடு 27,000 ரூபாய் அளவில் ஆனது. ஒருபக்க ஷாக்கை மட்டும் மாற்றுவது வீண். இரு பக்கமும் வேறு வேறு பலத்தில் அடங்கினால் இடது வளைவில் ஒரு வண்டி, வலது வளைவில் வேறு வண்டி.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரு கொக்கிகளும் எதிரெதிரே, சமமாக இறுக வேண்டும். ஸ்பிரிங் முனை இருக்கையின் படியில் முட்டி நிற்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேல் நட்டை இறுக்க வேண்டும். பேரிங்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் "டங்" என்று தட்டும். பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

அதிகம் தவறும் இடம் லோயர் ஆர்ம் புஷ் போல்ட். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே அதை முழு டார்க்கில் இறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்தத் தொங்கு நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும்; உயரம் சரியாக வராது, புஷ் சீக்கிரம் கிழியும். இங்கே போல்ட்டுகள் கையிறுக்கமாக விடப்பட்டு, வண்டி நான்கு சக்கரத்தில் ரேம்ப்பின் மேல் நின்றபின், முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கப்பட்டன.

டோ-வைக் கம்பெனி அளவில் வைத்து, பழைய டயரோடே களத்தில்: 33 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் 210 டிகிரி, சுற்று 9.6 விநாடி, 0.66 ஜி. வண்டி முன்பைவிடக் கண்ணுக்கு அதிகமாகச் சாய்ந்தது. ஆனால் அதிகமாகத் திரும்பியது. களத்தின் ஓரத்தில் நின்று பார்த்த உரிமையாளர், "சாயுதே, ஆனா போகுதேங்க" என்றார்.

இரண்டாம் கட்டம்: டயர்

அதே காரின் மேல்வகைக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்திருக்கிறது. அந்த அலாய் வீல் செட் பழைய சந்தையில் எளிதில் கிடைக்கும். 165/80 ஆர்14-இன் விட்டம் 619.6 மி.மீ.; 185/65 ஆர்15-க்கு 621.5. வேறுபாடு 0.3 சதவீதம்தான், ஸ்பீடோமீட்டர் கெடாது, உரசாது. பக்கச் சுவர் 132 மி.மீ.இலிருந்து 120 ஆகிறது. 195, 205 என்று மேலே போகலாமே என்ற கேள்வி வந்தது. குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பக்கச் சுவர் உப்பி நிற்கும், வளைவில் இன்னும் உருளும். தேங்கிய நீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கவும் செய்யும். மழைக்காடு பக்கம் போகும் வண்டிக்கு அது வேண்டாம்.

சட்டப் பக்கமும் இதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவு என்பதால் இங்கே விளக்கம் சொல்வது எளிது. ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி ஆர்சி புத்தகத்தோடு வைக்கச் சொல்லப்பட்டது. வெட்டிய ஸ்பிரிங்கோடு விபத்தாகியிருந்தால் க்ளெய்ம் என்ன ஆகியிருக்கும் என்பதை அப்போதுதான் அவர் யோசித்தார்.

நான்கு பழைய ரிம், நான்கு புது டயர், 34,000 ரூபாய். காற்று முன் 33, பின் 32 பிஎஸ்ஐ, குளிர்ந்த டயரில். சாக்குக்கட்டிக் கோடு இப்போது 8 மி.மீ. மட்டும் அழிந்தது. ஸ்டியரிங் 192 டிகிரி, சுற்று 9.3 விநாடி, 0.70 ஜி.

மூன்றாம் கட்டம்: கேம்பரும் டோ-வும்

மொத்தத்தில் காசுக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான்; இந்தக் கட்டங்களிலேயே மலிவானதும் இதுவே. இந்தக் காரில் முன் கேம்பரை மாற்றக் கம்பெனி வழி வைக்கவில்லை. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டுக்குப் பதிலாக, நடுவில் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வட்டு) வைத்த கேம்பர் போல்ட் போட்டால் ஓரளவு சாய்க்கலாம். வாங்குமுன் பழைய போல்ட்டின் உடல் விட்டத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். "இந்த மாடலுக்குச் சரியா இருக்கும்" என்ற கடைக்காரர் பேச்சு போதாது. கீழ் போல்ட் பழையபடி முழுப் பருமனில் இருக்க வேண்டும். இரண்டையும் கேம்பர் போல்ட்டாக மாற்றுவது மலைச்சாலை வண்டிக்குத் துணிச்சல்.

ஓட்டுநர் இருக்கையில் 26 கிலோ அரிசிச் சிப்பம் மூன்று, டீசல் அரை டேங்க். முதலில் கேம்பர், அதன் பிறகே டோ. ஸ்ட்ரட்டில் கேம்பரைச் சாய்த்ததும் டோ பெரிதாக நகரும்; வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு. மெஷின் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது, ஆபரேட்டர் அத்தோடு முடிக்கப் பார்த்தார். பச்சை என்பது ஒரு வரம்பு. அந்த வரம்புக்குள்ளேயே இடது ஒரு முனையிலும் வலது மறுமுனையிலும் நிற்கலாம். கேட்டு வாங்கிய எண்கள்: கேம்பர் இருபக்கமும் மைனஸ் 1°15′, மொத்த டோ பூச்சியம். கொஞ்சம் டோ-அவுட் வைத்தால் திரும்பும் தொடக்கம் இன்னும் கூர்மையாகும், ஆனால் பொள்ளாச்சி நேர்சாலையில் வண்டி அலையும், உள் ஓரமும் தேயும். பின் பீமில் சரிசெய்ய எதுவும் இல்லை. அளந்து, வளையவில்லை என்று மட்டும் உறுதிசெய்யப்பட்டது.

களத்தில் 176 டிகிரி, 9.1 விநாடி, 0.73 ஜி. வெளிப்பக்க முன் டயர் வெப்பம் வெளியிலிருந்து உள்ளாக 55, 53, 51. டயர் முழு அகலமும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பாகமும் கூலியும் 3,800 ரூபாய்.

நான்காம் கட்டம்: போட்டுக் கழற்றிய பார்

முன்சக்கர வண்டியில் அண்டர்ஸ்டியரைக் குறைக்க எல்லோரும் சொல்லும் வழி பின் ஆன்டி-ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி. பின்பக்கத்தின் சாய்வு விறைப்பைக் கூட்டினால் சுமைத் தாவலில் கூடுதல் பங்கைப் பின் அச்சு எடுத்துக்கொள்ளும். முன் டயருக்கு மூச்சு கிடைக்கும். பிடியைக் கூட்டுவதல்ல இது; பின்னால் இருக்கும் பிடியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துச் சமநிலையை மாற்றுவது.

டார்ஷன் பீமின் குழிவுக்குள் ஒரு கம்பியை வெல்டு வைத்துவிடலாம் என்ற யோசனை உடனே தள்ளப்பட்டது. அந்த பீம் முறுக்கிக்கொண்டே வாழ்கிற பாகம். வெல்டு சூடு பட்ட இடத்தின் விளிம்பில் நாள்பட விரிசல் விடும், அது கண்ணில் படுவது பீம் பிளந்த பிறகுதான். கிளாம்ப்பில் பூட்டும் 16 மி.மீ. பார் ஒன்று போடப்பட்டது. 19 மி.மீ. பாரும் கிடைத்தது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும் என்பதால், 3 மி.மீ. வித்தியாசம் இரட்டிப்பு விறைப்பு. சிறியதிலிருந்து தொடங்குவதே முறை.

காய்ந்த களத்தில் 166 டிகிரி, 9.0 விநாடி, ஏறக்குறைய 0.75 ஜி. உரிமையாளருக்கு ஏக மகிழ்ச்சி. பிறகு தென்னைக்கு நீர் பாய்ச்சும் ஹோஸை இழுத்துவந்து களத்தை நனைத்தோம். நனைந்த சிமெண்டில் அதே வட்டம், 28 கி.மீ. வேகம், நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுவது. பார் இல்லாமல்: மூக்கு கொஞ்சம் உள்ளே மடங்கி, கோடு இறுகியது. பாரோடு: பின்பக்கம் வெளியே வீசி வண்டி கால் வட்டம் சுழன்று நின்றது. மூன்று முறையில் இரண்டு முறை.

இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கும். மழையில், பனியில், எதிரே பேருந்து தெரிந்ததும் யாரும் செய்வது ஆக்ஸிலேட்டரை விடுவதுதான். வண்டி சுழலாமல் தானே பிரேக் பிடித்து அடக்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இந்த வண்டியில் கிடையாது. ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கு அந்தப் பார் நல்ல பொருள். இங்கே அது அன்றைக்கே கழற்றப்பட்டது. 11,000 ரூபாய்க்கு வாங்கியது 7,000-க்கு விற்றது.

அடுத்த ஆறு மாதம்

மூன்றாம் கட்ட நிலையிலேயே வண்டி மலைக்குத் திரும்பியது. முன்பு கனமிழந்த வலது வளைவில் அதே வேகத்தில் கோடு விலகவில்லை. கேபிள் டை, பம்ப் ஸ்டாப்புக்கு 22 மி.மீ. முன்பே நின்றது. ஏற்றத்தில் ஒரு சிறு அண்டர்ஸ்டியர் மிச்சம் இருந்தது. அதற்குக் காரணம் சஸ்பென்ஷன் இல்லை: இரண்டாவது கியரில் நுழைந்து, வளைவின் நடுவில் மிதித்தால் சரியாக அந்த இடத்தில் டர்போ விழித்துக்கொள்ளும், சுமை குறைந்த உள் சக்கரம் சுழலும். நுழைவதற்கு முன்பே கியரை மாற்றி, வளைவு முழுக்க ஒரே மிதியில் போய், ஸ்டியரிங் நேராகும்போது மிதிக்கச் சொன்னதும் அது அடங்கியது.

இரண்டு தொல்லைகள் வந்தன. பழைய ரிம் ஒன்று 1.5 மி.மீ. வளைந்திருந்ததால் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. பேலன்ஸிங்கில் தீராமல் ரிம் மாற்றவேண்டி வந்தது. மற்றது பெரியது. 1,000 கி.மீ. பரிசோதனையில் இடது கேம்பர் 25′ குறைந்திருந்தது. ஒரு குழியில் பலமாக இடித்ததாக உரிமையாளர் நினைவுகூர்ந்தார். கேம்பர் போல்ட் நழுவியிருக்கிறது. கீழ் போல்ட்டில் பழைய நட்டையே திரும்பப் போட்டதுதான் பிழை; அந்த நட்டின் பூட்டுப்பிடி ஒருமுறைக்குத்தான். புது நட்டு, டார்க் ரெஞ்ச், போல்ட் தலைக்கும் ஸ்ட்ரட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட் கோடு. அதன்பின் நகரவில்லை. 9,000 கி.மீ. முடிவில் முன் டயரின் உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் தேய்மான வேறுபாடு 0.4 மி.மீ.

மறுபடி செய்வதானால்

நனைந்த களச் சோதனையை நான்காம் கட்டத்துக்கு வைத்திருக்காமல் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். காய்ந்த தரையின் எண்கள் நமக்கே ஆசை காட்டின. மழைப்பாதைக்கு ஓடும் வண்டியில் பார் வாங்கும் பேச்சே எழுந்திருக்காது, 4,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். பழைய ரிம்மை டயர் ஏற்றுமுன் சுழற்றி டயல் கேஜில் பார்த்திருக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றினால் நட்டு புதிது என்பதை வேலைச் சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். 15 இன்ச் ரிம் இல்லாமல், 14 இன்ச்சிலேயே தரமான டயர் போட்டுக் கேம்பரை மட்டும் திருத்தியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று பார்க்கவில்லை. செலவு இறுக்கமான ஒருவருக்கு அதைத்தான் முதலில் சோதிப்போம்.

வெட்டிய ஸ்பிரிங் நான்கும் பட்டறை மூலையில் ஒரு வாரம் கிடந்தன. வேறொரு வண்டிக்கு "லோயரிங் செட்" என்று விலைகேட்டு ஒருவர் வந்து போன மறுநாள், கேஸ் கட்டரில் ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து இரும்புக் கடைக்குப் போட்டாயிற்று.